எமில் ஹுடாக் கிழித்த சீசன்

எங்கள் கார்விக் ஊரில் பொய் சொல்லாத ஆண்பிள்ளை என்று எனக்கு ஒருவரைத்தான் தெரியும். மற்றவர்கள் ஆற்றில் பிடித்த மீனின் நீளத்தைக் கைகளை விரித்துக் காட்டினால் நடுவில் ஒரு லாரி போய்விடலாம். பெண்கள் நாங்களும் இளைத்தவர்கள் இல்லை. ஐம்பதாம் வருடத்துப் பனியில் பதினோரு நாள் புகைபோக்கி வழியாகத்தான் வீட்டுக்குள் போய்வந்தேன் என்று நான் சொல்வதை இன்றைக்கும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

எமில் ஹுடாக் என் எதிர்வீட்டுக்காரர். ஒரு கோடையில் எங்கள் தேவாலயம் நடத்திய மீன்பிடிப் போட்டியில் அவர் பிடித்த கெளுத்தி, வாசில் பார்னா பிடித்ததைவிடச் சற்றே கனமாக இருந்தது. பாதிரியார் கோப்பையைத் தூக்கிவிட்டார். கைதட்டலும் ஆரம்பித்துவிட்டது. எமில், "ஃபாதர், கொஞ்சம் இருங்க. இது என் தூண்டில் ஈயக்குண்டை முழுங்கியிருக்கு" என்று சொல்லி, எல்லோர் முன்னாலும் மீனின் வயிற்றைக் கிழித்துக் குண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். மறுபடி நிறுத்தார்கள். கோப்பை வாசிலுக்குப் போனது. வாசிலின் மீன் வயிற்றில் இரண்டு குண்டுகள் இருந்தது ஊருக்கே தெரியும். அதை யாரும் கிழித்துப் பார்க்கவில்லை. வாசிலும் எமிலும் கடைசிவரை நண்பர்களாகத்தான் இருந்தார்கள்.

பதினேழு வயதில் கோக் சூளையில் வேலைக்குச் சேர்ந்தவர் எமில். நிலக்கரியை வாட்டிக் கோக் ஆக்கும் அந்தச் சூளைகளின் மூடி மேலேயே நடக்க வேண்டிய வேலை. செருப்புக்கு அடியில் மரக்கட்டை கட்டிக்கொண்டு நடப்பார்கள், இல்லாவிட்டால் பாதம் வெந்துவிடும். முப்பத்தெட்டு வருடம் அப்படி நடந்தார். அவருக்குப் புருவம் இருந்து நான் பார்த்ததே இல்லை. எண்பத்திரண்டில் ஆலையை மூடிவிட்டார்கள். பென்சில்வேனியாவில் எங்கள் ஆற்றின் இரண்டு கரையிலும் அந்த வருடம் அணையாத சூளையே இல்லை.

வேலை போனபின் அவருக்கு மிஞ்சியவை இரண்டு. ஒன்று மனைவி ஓல்கா. இன்னொன்று ஆண்டி மிஹால்கோ.

மிஹால்கோ எங்கள் ஊர்ப் பையன். தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிற சரிவில் பேஸ்பால் ஆடி வளர்ந்தவன். நாற்பத்தொன்பதாம் வருடம் நகரத்து அணிக்காக அவன் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அந்தக் கோடையில் எங்கள் ஊரில் கோழிகள்கூட வானொலிக்குப் பக்கத்தில்தான் முட்டையிட்டன. பந்தை வேலிக்கு அப்பால் அடித்து அனுப்புகிற ஹோம்ரன் மட்டும் நாற்பத்தொன்பது. கடைசி நாள், கடைசி முறை மட்டையோடு வந்தபோது இன்னொன்றும் அடித்தான். பந்து மைதானத்தின் எல்லைக்கோட்டுக் கம்பத்தை ஒட்டிப் பறந்து கூட்டத்துக்குள் விழுந்தது. கம்பத்துக்கு உள்ளே என்றால் ஐம்பது. அம்பயர் வெளியே என்றார். புதுமாப்பிள்ளையான எமில் அந்தக் கம்பத்துக்கு நேர் பின்னால் ஓல்காவோடு உட்கார்ந்திருந்தார்.

"உள்ள. ஒரு சாண் உள்ள" என்று முப்பத்தாறு வருடம் சொன்னார்.

"நீ பாத்தியா?" என்று நான் ஓல்காவைக் கேட்டிருக்கிறேன்.

"நான் எங்க பாத்தேன்? என் ஹாட்டாக்ல கடுகு சாஸ் வழிஞ்சிட்டிருந்துச்சு."

அடுத்த வருடம் மிஹால்கோவுக்கு முழங்கால் போயிற்று. அதற்குப் பிறகு அவன் அப்படி ஆடவே இல்லை. ஒரே ஒரு சீசன்தான் அவன்.

எங்கள் தேவாலயத்தில் பகடை பேஸ்பால் ஆடுகிற ஆண்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். அதை விளையாட்டு என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஓர் அட்டை. அதில் முப்பத்தாறு எண்கள், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு முடிவு. பெரிய வெள்ளைப் பகடை முதல் இலக்கம், சின்னச் சிவப்பு இரண்டாவது. உருட்டி, அட்டையைப் பார்த்து, நோட்டில் எழுத வேண்டும். நிஜத்தில் நன்றாக ஆடியவனுக்கு அட்டையிலும் நல்ல எண்கள் கூடுதல். மிஹால்கோ அட்டையில் அறுபத்தாறு, பதினொன்று, முப்பத்துமூன்று, மூன்றும் ஹோம்ரன். இப்படி ஒரு குளிர்காலத்தில் ஒரு முழு சீசனை, நூற்றைம்பத்துநாலு ஆட்டத்தையும், அவரவர் வீட்டுச் சமையலறை மேசையிலேயே ஆடி முடிப்பார்கள். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் விருந்து. அங்கே வாசில் பார்னா பெரிய பேரேட்டைத் திறந்து யார் சீசனில் என்ன எண்ணிக்கை என்று வாசிப்பார். முடிக்காத சீசனை வாசிக்கும் வழக்கம் இல்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. விழுந்தது விழுந்ததுதான். ஒரே ஒரு பகடை பொய் என்று தெரிந்தாலும் முழு சீசனையும் கிழித்துப்போட்டு முதல் ஆட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். கிழட்டு டுடாஷ் ஒருமுறை நூற்றுப் பன்னிரண்டாவது ஆட்டத்தில் கிழித்தார். அவருடைய பூனை வாலால் சிவப்புப் பகடையைப் புரட்டியிருக்கிறது, அவர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்திருக்கிறார். நாலு நாள் கழித்து மனசாட்சி குத்தியது. பூனைக்கு ஒரு வாரம் பால் கிடையாது.

எமில் ஒவ்வொரு குளிர்காலமும் நாற்பத்தொன்பதாம் வருடத்து சீசனையே ஆடினார். மிஹால்கோவுக்கு ஐம்பது வர வேண்டும். அம்பயர் கொடுக்காததைப் பகடை கொடுக்க வேண்டும், கேட்காமல் கொடுக்க வேண்டும். முதல் குளிர்காலம் நாற்பத்தாறு. அடுத்தது நாற்பத்தொன்று. மூன்றாவது நாற்பத்தெட்டு. அந்த வருடம் கடைசி ஆட்டத்தில் இரண்டு ஹோம்ரன் தேவைப்பட்டது. மிஹால்கோ நாலு முறையும் அவுட். எமில் நோட்டை மூடிவிட்டுப் போய்ப் பனியை வாரிக் கொட்டினார். தன் வீட்டு வாசலை முடித்துவிட்டு என் வாசலையும் வாரினார். பிறகு தெரு முழுக்க.

நாலாவது குளிர்காலத்துக்குள் சர்க்கரை வியாதி அவர் கண்களைத் தின்றுவிட்டது. வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும்தான் தெரிந்தது. அட்டை தேவைப்படவில்லை. இருநூறு ஆட்டக்காரர்கள், ஆளுக்கு முப்பத்தாறு எண், அத்தனையும் அவர் மண்டைக்குள் இருந்தது. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. நானே சோதித்துப் பார்த்துத் தோற்றிருக்கிறேன். ஆனால் பகடையை யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும், நோட்டில் எழுத வேண்டும்.

நாற்பது வருடமாக பேஸ்பால் என்ற சொல் காதில் விழுந்தாலே ரேடியோ சத்தத்தைக் குறைக்கிற ஓல்காதான் உட்கார்ந்தாள்.

"நான் உருட்டுறேன். நான் சொல்றேன். நான் எழுதுறேன். நீ என்ன பண்ணுவ?"

"நான் மேனேஜர்."

"நாப்பது வருஷமா அதத்தான பண்ற."

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்து, பிஸ்கட் டப்பா மூடியை நடுவில் வைப்பாள். அதில்தான் பகடை விழும். தினம் ஓர் ஆட்டம், சில நாள் இரண்டு. ஓல்கா எண்ணைச் சொல்வாள், எமில் முடிவைச் சொல்வார், அவள் எழுதுவாள். காபி குடிக்கிற சாக்கில் நானும் பல நாள் அங்கேதான் இருந்தேன்.

டிசம்பரில் டாக்டர் சிறுநீரகமும் போகிறது என்றார். வசந்தம் வரை இருந்தால் அதிர்ஷ்டம் என்றார். எமில் அதை மாதாகோவில் அறிவிப்பு மாதிரி கேட்டுக்கொண்டாராம். வரும் வழியில் காரில் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார்.

"இன்னும் எத்தன ஆட்டம் இருக்கு ஓல்கா?"

"தொண்ணூத்தி ஏழு."

"முடிஞ்சிடும்ல?"

அன்று மத்தியானம் மிஹால்கோ மட்டையோடு வந்தான். பகடையில் ஐம்பத்திரண்டு. ஓல்கா வாயிலிருந்து வந்தது அறுபத்தாறு.

இதை அவள் என்னிடம் வியாழக்கிழமை சொன்னாள். வியாழன்தோறும் பெண்கள் கூடத்தில் கூடி வெள்ளிக்கிழமை விற்பனைக்குப் பிரோஹி பிடிப்போம். மாவுக்குள் உருளைக்கிழங்கை வைத்து ஓரத்தைக் கிள்ளிக்கொண்டே என் காதோடு சொன்னாள்.

"அந்த முகத்த நீ பாக்கணுமே. ஆலைய மூடினதுலருந்து அந்த முகத்தக் காணோம். நாளைக்கும் ஒண்ணு குடுக்கலாமான்னு இருக்கு."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குச் சிரிப்புதான் வந்தது. சொன்னது இதுதான்: "தினம் குடுக்காதடி. வாரத்துக்கு ஒண்ணு போடு. அள்ளிக் குடுத்தா சந்தேகம் வரும்."

அவள் நல்ல மாணவி. வாரத்துக்கு ஒன்று, சில வாரம் இரண்டு. சந்தேகம் வராமலிருக்க, சமயத்தில் மிஹால்கோ அவுட்டாகிற எண்ணையும் பொய்யாகச் சொன்னாள். ஞாயிறு பூசை முடிந்ததும் எமில், ஓல்கா கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார். வாசில் பேரேட்டில் அந்த வார எண்ணிக்கையை எழுதிக்கொள்வார்.

"நாப்பத்தொண்ணா! டேய் எமில், பகடைக்கு என்ன தீனி போடுற?"

"முட்டகோசு."

"என் பொண்டாட்டியும் முட்டகோசுதான் போடுறா. என் ஆளுக பந்தத் தொடவே மாட்டேங்கிறானுக."

மற்ற ஏழு பேரும் எமிலைச் சுற்றி நிற்பார்கள். நாற்பத்துமூன்று, நாற்பத்தைந்து என்று ஏற ஏற, பூசைக்கு வராத ஆண்கள்கூட வாசலுக்கு வந்தார்கள். எமிலின் கால்கள் வீங்கிவிட்டன. வாசில்தான் காரில் ஏற்றிவிடுவார். ஆனாலும் எமில் மெல்லச் சீட்டியடித்துக்கொண்டு போவார்.

பிப்ரவரி நடுவில் நூற்று முப்பத்திரண்டாவது ஆட்டம். எண்ணிக்கை நாற்பத்தேழு. மிச்சம் இருபத்துமூன்று ஆட்டம், மூன்று ஹோம்ரன். நான் அவர்கள் வீட்டு கேக் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போய், அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"மிஹால்கோ வர்றான். ரெண்டு பேர் ஏற்கனவே பேஸ்ல ஓடறதுக்கு நிக்கிறாங்க" என்றார் எமில். "உருட்டு."

ஓல்கா குலுக்கிப் போட்டாள். வெள்ளை உடனே நின்றுவிட்டது. சிவப்பு ஒரு மூலையில் நின்று தகரத்தின்மேல் பம்பரம் மாதிரிச் சுழன்றது.

"அறுபத்தாறு!" என்றாள் ஓல்கா.

சிவப்பு இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. கிர்ரென்ற அந்தச் சத்தம் சமையலறை முழுக்கக் கேட்டது. பிறகு தடுமாறி, இரண்டு முறை தட்டி, படுத்தது.

எமில் அசையவில்லை.

"சிவப்பு இன்னும் நிக்கலயே, ஓல்கா."

அவள் கை பென்சிலோடு அப்படியே நின்றது. எமில் மேசைமேல் கையைத் தடவிக்கொண்டே வந்து டப்பா மூடியைத் தொட்டார். பழைய பகடை, புள்ளிகள் குழியாகத் தோண்டியது. ஆனால் சூளையில் காய்த்துப்போன விரல்கள் அவருடையவை. ஒவ்வொரு குழியாகத் தேடித் தேடி எண்ணினார். வெள்ளைக்கு எவ்வளவு நேரம், சிவப்புக்கு எவ்வளவு நேரம்!

"முப்பத்தஞ்சு" என்றார். "எடது பக்கம் கேட்ச். அவுட்."

ஓல்கா பென்சிலைக் கீழே வைத்தாள்.

"எப்பலருந்து?"

"டாக்டர்கிட்ட போயிட்டு வந்தமே, அன்னைலருந்து."

"எத்தன?"

"எமில்..."

"எத்தன தடவ? எது எது?"

"எண்ணல."

"எண்ணலயா!"

நாற்பது வருட எதிர்வீட்டு வாழ்க்கையில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரே முறைதான். திருப்பிக் கொடுக்கக் கொண்டுபோன தட்டை நானே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வாரத்துக்கு ஒன்று என்று யோசனை சொன்னவள் நான்தான் என்று ஓல்கா அவரிடம் சொல்லவே இல்லை. நானும் சொல்லவில்லை.

மூன்று நாள் அவர்கள் வீட்டில் பேச்சில்லை. நாலாவது நாள் ஓல்கா வாசிலைக் கூப்பிட்டனுப்பினாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள், தனியாக அந்தச் சமையலறையில் நிற்கப் பயம்.

வாசில் நோட்டைப் புரட்டினார். "இதுல என்னடா கஷ்டம்? டிசம்பர்லருந்து வந்த அறுபத்தாறு எல்லாத்தையும் அடிச்சிடு. மிச்சத்த வச்சிக்கோ."

"அதுல உண்மையா விழுந்ததும் இருக்கும்ல."

"பாதிய அடி."

"எந்தப் பாதி?"

"டேய், உனக்கு இருக்கிற நாளுக்கு..." வாசில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எமில் பொறுமையாகச் சொன்னார். "அவன் ஹோம்ரன் அடிச்சா எதிரணி பந்து வீசுறவன மாத்துவேன். மாத்தினா அடுத்து வர்ற ஆளுக்கு வேற கணக்கு. அன்னைக்கு ஜெயிச்சிருக்க மாட்டோம். மறுநாளைக்கு வேற ஆள் வீசியிருப்பான். ஓல்கா, நீ ஸ்வெட்டர் பின்னுறப்போ கீழ ஒரு கண்ணி நழுவியிருந்தா என்ன பண்ணுவ?"

ஓல்கா தலையைக் குனிந்தபடி, "பிரிச்சிடுவேன்" என்றாள்.

"அவ்வளவுதான்."

நோட்டை வாங்கி ஒவ்வொரு தாளாகத் தடவிக் கிழித்தார். பதினைந்து வாரத் தாள்கள். கிழிக்கிற சத்தம் நிற்கவே இல்லை. வாசில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். கிழித்து முடித்ததும் எமில் சொன்னார்:

"புது நோட்டு இருக்கா? நாப்பத்தொம்பதாம் வருஷம், ஏப்ரல் பத்தொம்பது, முதல் ஆட்டம். எழுது."

"முடியாது எமில்" என்றாள் ஓல்கா. "நூத்தம்பத்தி நாலு. உனக்கே தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு?"

"பொய் சொல்லிட்டே இருக்கிறப்போ செத்துப்போக எனக்கு இஷ்டமில்ல. உருட்டு."

அன்றிலிருந்து ஒவ்வொரு முறை பகடை விழுந்ததும் ஓல்கா எண்ணைச் சொல்வாள், பிறகு அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பகடைமேல் வைப்பாள். அவர் கேட்கவில்லை. அவளாகச் செய்தாள். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, அதுதான் அவளுக்கு வலித்தது. வெள்ளை, சிவப்பு, குழி குழியாக எண்ணி, "சரி" என்பார். முப்பது நிமிட ஆட்டம் இரண்டு மணி நேரம் ஆனது. ஒரு நாளைக்கு ஒன்றுக்குமேல் தாங்கவில்லை. ஞாயிறு பூசைக்கும் அவரால் போக முடியவில்லை.

பொய் கலக்காத பகடையில் மிஹால்கோ ஒரு மட்டமான ஆட்டக்காரன். பதினாலு ஆட்டத்தில் ஒரே ஒரு ஹோம்ரன். அவுட், அவுட், காற்றில் மட்டை வீசி அவுட். ஓல்காவுக்கு ஆத்திரமாக வந்தது.

"இந்தப் பய எங்க ஊர்ல பொறந்தவன்தானா? என் பாட்டி நல்லா அடிப்பா."

எமில் சிரித்தார். கிழித்த நாளுக்குப் பின் முதல் சிரிப்பு. "நிஜத்துலயும் அந்த ஏப்ரல்ல இப்படித்தான் ஆடினான். எல்லாரும் மறந்துட்டாங்க. மே மாசம்தான் சூடு பிடிச்சுது."

இருபத்திரண்டாவது ஆட்டத்தில் நிஜமாகவே அறுபத்தாறு விழுந்தது. ஓல்கா சொல்லவே பயந்தாள். வாயைத் திறக்காமல் அவர் விரலைப் பிடித்து வைத்தாள். அவர் எண்ணினார், மறுபடி எண்ணினார். "சொல்லேன்" என்றார். "சொல்ல மாட்டேன், நீ நம்ப மாட்ட" என்றாள். "சொல்லு ஓல்கா." சொன்னாள். அவர் அவள் கையைத் தேடித் தட்டிக்கொடுத்தார்.

மார்ச் கடைசியில் அவரால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்தோம். டப்பா மூடியைப் போர்வைமேல் வைத்து ஆடினார்கள். முப்பத்தாறு ஆட்டம், ஏழு ஹோம்ரன். முப்பத்தேழாவது ஆட்டம் தொடங்கிய நாள் நான் சூப் கொண்டுபோயிருந்தேன். அவருக்கு அதெல்லாம் இறங்கவில்லை, ஓல்காவுக்குத்தான்.

மிஹால்கோ வந்தான். மூன்று பேஸிலும் ஓடக் காத்து நிற்கிற ஆட்கள். ஓல்கா உருட்டினாள். சிவப்பு நிற்கும்வரை காத்திருந்தாள். எண்ணைச் சொல்வதற்கு முன் அவர் விரலை எடுத்து வைத்தாள். விரல் பகடைமேல் அப்படியே கிடந்தது. கொஞ்சம் நகர்த்தினார், அழுத்தினார்.

"ஒண்ணும் தெரியலயே" என்றார்.

"மெதுவாப் பாரு."

"குழியே தெரியல. விரல் மரத்துப்போச்சு, ஓல்கா." கையை எடுத்து மார்புமேல் வைத்துக்கொண்டார். "நீயே சொல்லு."

நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். பகடை எனக்கு நன்றாகத் தெரிந்தது. வெள்ளை நாலு, சிவப்பு ஒன்று. மிஹால்கோ அட்டையில் அது பந்தைத் தொடாமலே அவுட் என்று அதற்குள் எனக்கே பாடம். ஓல்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் தலையை ஆட்டியிருந்தால் அவள் அறுபத்தாறு சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். நான் ஆட்டவில்லை. வேண்டாம் என்றும் ஆட்டவில்லை. வாழ்நாள் முழுக்க ஓயாத என் வாய் அன்று ஒட்டிக்கொண்டது.

"நாப்பத்தொண்ணு" என்றாள் ஓல்கா.

"ஸ்டிரைக்அவுட்" என்றார் எமில்.

"ஆமா."

"மூணு பேர் நிக்கிறப்போ!" வலியோடு சிரித்தார். "மடையன். சரி, எழுது. அடுத்த ஆள் யாரு?"

அந்த ஆட்டத்தை முடித்தார்கள். மூன்றுக்கு ஐந்து, தோல்வி. அவர் ஒரு முறைகூட மறுபடி விரலை நீட்டவில்லை. அவள் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார். அதற்கு அடுத்த நாள் ஆட்டம் இல்லை. அதற்கும் அடுத்த நாள் காலையில், பாதிரியார் கடைசிச் சடங்கு எண்ணெய் பூசிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது, எமில் போய்விட்டார். ஓல்கா அடுப்பில் பாலை வைத்திருந்தாள். அது பொங்கி வழிந்து தீய்ந்தது. யாரும் போய் இறக்கவில்லை.

ஈஸ்டர் முடிந்து விருந்துக்கு முந்தின நாள் வாசில் ஓல்கா வீட்டுக்கு வந்தார். நான் அங்கே இருந்தேன். வேறெங்கே இருப்பேன்? தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றார்.

"ஓல்கா, பேரேட்ட நான் இன்னும் திருத்தல. எமில் பேருக்கு நேரா நூத்தி முப்பத்தொண்ணு ஆட்டம், நாப்பத்தேழுன்னுதான் இருக்கு. கிழிச்சது நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும்."

"அதனால?"

"மிச்சம் இருபத்து மூணு ஆட்டத்த நான் உருட்டுறேன். இன்னைக்கு ராத்திரிக்குள்ள முடிச்சிடுவேன். நேர்மையா உருட்டுவேன், சத்தியமா. மூணே மூணு ஹோம்ரன், அது தானா வந்துடும். வரலேன்னா..." தொப்பியைச் சுற்றுவதை நிறுத்தினார். "வரலேன்னா நான் பாத்துக்கறேன். ஐம்பதுன்னு வாசிக்கிறேன். எல்லாரும் அதுக்குத்தான் காத்திட்டிருக்காங்க. இல்லாட்டி அவன் பேரையே வாசிக்க முடியாதே ஓல்கா. ஆடாதவன் மாதிரி ஆயிடும்."

ஓல்கா ரொம்ப நேரம் மேசைத் துணியின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் சரி என்றுவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். எனக்கும் அதுதான் ஆசை. ஐம்பது என்று கூடத்தில் ஒலிக்க வேண்டும், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று ஆசை.

"கடைசி ஆட்டத்துல நான் சொன்னத அவன் நம்பினான் வாசில்" என்றாள். "தொட்டுப் பாக்காம நம்பினான். அதுல போயி..." நிறுத்திக்கொண்டாள். பிறகு சாதாரணக் குரலில், "அடிச்சிடு. முப்பத்தேழு ஆட்டம், ஏழு. முடிக்கல. காபி குடிக்கிறியா?" என்றாள்.

வாசில் குடிக்கவில்லை.

மறுநாள் கூடத்தில் நல்ல கூட்டம். பெண்கள் நாங்கள் அடுப்படி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பரிமாறிக்கொண்டிருந்தோம். வீட்டில் இரு என்று சொல்லியும் கேட்காமல் ஓல்கா ஏப்ரன் கட்டிக்கொண்டு வந்து, வதக்கிய வெங்காயத்தைப் பிரோஹிமேல் ஊற்றுகிற இடத்தைப் பிடித்துக்கொண்டாள். வாசில் மேடையில் பேரேட்டைத் திறந்தார். டுடாஷின் சீசனை வாசித்தார். கைதட்டினார்கள். பேர் வரிசையில் அடுத்தது ஹுடாக். வாசில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார்.

"கச்மார்" என்று ஹுடாக்கைத் தாண்டி அடுத்த பேரை வாசித்தார்.

கைதட்டவேண்டிய இடத்தில் யாரும் தட்டவில்லை. ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தட்டோடு ஜன்னலில் நின்றிருந்த டுடாஷ் குழம்பிப்போய் ஓல்காவிடம் கேட்டார்.

"எமிலு நாப்பத்தேழுல இருந்தான்ல? என்னாச்சு? முடிக்கலயா?"

"இல்ல" என்றாள் ஓல்கா. "முடிக்கல."

கிழவர் அங்கேயே நின்றார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. ஓல்காவின் கரண்டியிலிருந்து வெண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

"வெங்காயம் போதுமா, இன்னும் வேணுமா?" என்று கேட்டாள். "சொல்லுங்க, பின்னால ஆள் நிக்குது."